பாட்டு முடியாமல் பெட்டியைத் தூக்காதே

பாட்டு முடியாமல் பெட்டியை முதுகில் ஏற்றக்கூடாது. எங்கள் மேட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியாதவர்கள் அந்தச் சட்டத்தை எழுதின துரைமார்கள்தான். அவர்கள் என்றைக்குப் பெட்டி தூக்கினார்கள், தெரிவதற்கு?

பெட்டி என்றால் இசைப்பெட்டி. பெட்டிக்கு அடியில் இருக்கிற ஒற்றைக் கட்டைக்காலில் ஊன்றி, வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் பாடும். உள்ளே ஒரு மர உருளை. உருளை முழுக்கப் பித்தளை முட்கள். முள் வந்து மரநாக்கைத் தூக்கும்போது குழாய்க்குள் காற்று போய்ச் சத்தம் வரும். உருளை ஒரு முழுச் சுற்று வந்தால் ஒரு பாட்டு. சுற்று முடிகிற இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு முள்ளே இல்லாத வெற்றுப் பட்டை இருக்கும். அங்கே வந்து நின்றால்தான் நாக்குகளை மேலே தூக்கிக் கொக்கி போட்டுப் பூட்டலாம். பூட்டின பிறகு பெட்டியோடு ஓடலாம், ஆடலாம், தடுக்கி விழுந்துகூட எழுந்திருக்கலாம். நடுப்பாட்டில் நிறுத்தித் தூக்கினாலோ நாக்குகள் முட்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தெருவில் நாலு எட்டு குலுங்கி நடந்தால் போதும், முட்கள் வளைந்துவிடும், சிலது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்கப்புறம் அது பாட்டாக இருக்காது. பல் விழுந்த வாய் பேசுகிற மாதிரி இருக்கும்.

சரி, சத்தமில்லாமல் மெல்லச் சுற்றிப் பாட்டை முடித்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்பீர்கள். முடியாது. கைப்பிடி ஒன்றுதான். உருளையைச் சுற்றுவதும் அதுதான், துருத்தியில் காற்றடிப்பதும் அதுதான்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த செரஃபீனோவின் பெட்டியில் எட்டுப் பாட்டு இருந்தது. உருளையைப் பக்கவாட்டில் நூல் அளவு நகர்த்தினால் அடுத்த பாட்டின் முட்கள் நாக்குகளுக்கு நேரே வரும். அவற்றின் நிஜப் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டில் வைத்த பேர்தான்: சலவைக்காரி, கப்பல்காரன், ராணியம்மா, பூசைப்பாட்டு, நொண்டிக் கழுதை, துக்கப்பாட்டு, சிப்பாய், கல்யாணப்பாட்டு. அவன் மனைவி டெசோலினாவுக்கு சலவைக்காரி பிடிக்கும். எனக்கு நொண்டிக் கழுதை.

லண்டனில் எங்கள் மேட்டைத் தெரியாதவர்கள் உண்டோ என்னவோ, மேட்டின் வாசனையைத் தெரியாதவர்கள் கிடையாது. நிலக்கரிப் புகை படிந்து கறுத்த செங்கல் வீடுகள், அறைக்கு ஒரு குடும்பம், கடல் தாண்டிப் பிழைக்க வந்த பார்மா மலைக்காரர்கள் எல்லாரும். பின்கட்டில் இருந்த அடுப்பு என் பொறுப்பு. வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் சாயங்காலம் மக்காச்சோளக் களி கிண்டிக் கொட்டுவேன். பகலில் லெதர் லேன் முனையில் கஷ்கொட்டை வறுத்து விற்பேன். புருஷன் போன பிறகு எனக்கு அமைந்த பிழைப்பு அது. ரோமில்டாக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு டெசோலினா என் அடுப்புப் பக்கத்திலேயே கிடப்பாள். அவர்களுடைய மாடி அறையில் கணப்பு புகையும். அவளுக்கோ இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய் மூன்றாவது வயிற்றில்.

அந்த அறையில் மூன்றாவது ஆள் லாஸரோ. டெசோலினாவின் அண்ணன். கண்ணாடிக்கு ரசம் பூசுகிற பட்டறையில் வேலை. அங்கே கண்ணாடிப் பலகைக்கு அடியில் ஈயத்தாளை விரித்து அதன் மேல் பாதரசத்தை ஊற்றித் தேய்ப்பார்கள். ஊரிலுள்ள பெரிய வீட்டுச் சீமாட்டிகள் முகம் பார்ப்பதெல்லாம் லாஸரோ தேய்த்த ரசத்தில்தான். அவனுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பாதரச நஞ்சு ஏறி ஈறு கறுத்துப் பாதிப் பல் போய்விட்டது. கை நடுங்கும், சாப்பிடுகிறபோது கரண்டியை விட்டுவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து வாயில் சரித்துக்கொள்வான். அதையே கேலியாக ஆக்கிக்கொள்கிற ஆளும் அவன்தான்.

“மாப்ளே, உன் பெட்டிக்கு நான் கைப்பிடி சுத்துனேன்னு வையி, துக்கப்பாட்டுக்குக்கூட ஜனம் ஆடும்” என்பான் செரஃபீனோவிடம்.

“மச்சான், நீ சுத்துனா முதல்ல பெட்டி ஆடும்” என்பான் இவன்.

சிரிப்பார்கள். டெசோலினா மட்டும் சிரிக்கமாட்டாள்.

அந்த வருஷம் கோடை முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் சாமியார் பீடத்தை விட்டு இறங்காமல் நின்று, தெருவில் வாசிக்கிறவர்களை விரட்டப் புதுச் சட்டம் வந்திருப்பதைச் சொன்னார். வெளியே வந்து எல்லாரும் மழையில் நின்றபடி அதையே பேசினார்கள்.

“முன்னாடியும்தான் போகச் சொல்லலாம். வீட்டுல சீக்காளி இருக்குன்னு சொல்வாங்க, நாமளும் தொப்பியைக் கழட்டிட்டுப் போயிடுவோம்” என்றான் செரஃபீனோ. “இதுல புதுசா என்ன இருக்கு?”

“இருக்கு மாப்ளே. இப்போ சீக்கு வேணாம். நியாயமான காரணம்னு ஒண்ணு இருந்தாப் போதுமாம்.”

“நியாயமான காரணம்னா?”

“தொரைக்குத் தூக்கம் வருதுன்னா அது காரணம். தொரை கணக்கு எழுதுறாருன்னா அது காரணம். தொரை வீட்டு நாய்க்கு உன் மூஞ்சி பிடிக்கலைன்னா அதுவும் காரணம்தான்.”

“அண்ணே, விளையாடாதீங்க. போகலைன்னா என்னவாம்?” என்று டெசோலினா கேட்டாள்.

“போலீஸ்காரன் அங்கேயே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான். நாப்பது ஷில்லிங் கட்டணும், இல்லைன்னா மூணு நாள் உள்ளே. நாப்பது ஷில்லிங்கை நம்மாளுக யாரு பார்த்தா? உள்ளேதான்.”

இந்த ஊர்க்காரர்கள் விசித்திரமானவர்கள். வாசிக்கக் கொடுத்த காசைவிட, வாசிக்காமல் நகரச் சொல்லிக் கொடுத்த காசுதான் பெட்டிக்காரர்களுக்கு அதிகம். வேலைக்காரப் பெண் படியிறங்கி வந்து, காகிதத்தில் சுற்றின காசைக் கையில் வைத்து, அடுத்த தெருவுக்குப் போ என்பாள். பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகப் போவார்கள். காசு கொடுத்து அனுப்பினவர்களுக்கு இப்போது சும்மாவே அனுப்ப ஒரு சட்டம் கிடைத்துவிட்டது.

டெசோலினா அன்றைக்கே அவனை மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். அவள் அப்பா, ஊரை ஆண்ட பழைய பிரபுவின் காலத்தில் பார்மா ஜெயிலுக்குப் போனவர். நடந்து போனவரைக் கோணிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

“ஜெயிலுக்குப் போகமாட்டேன்னு சொல்லுங்க.”

“போவேன்னு யாரு சொன்னா?”

“வாயைத் திறந்து சொல்லுங்க. போன்னு சொன்னா அந்த நிமிஷமே போயிடுவேன்னு சொல்லுங்க.”

“பாட்டு நடுவுல சொன்னா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நடுவுல சொன்னாலும்தான்.”

அவனும் சத்தியம் பண்ணிவிட்டான்.

முதலில் போனது சலவைக்காரி. மேற்கே ஒரு பெரிய சதுக்கத்தில் பாதிப் பாட்டில் இருக்கும்போது ஜன்னல் திறந்து யாரோ கத்தினார்களாம், முனையில் நின்ற போலீஸ்காரன் தடியை எடுத்துக்கொண்டு வந்தானாம். செரஃபீனோ அப்படியே நிறுத்திப் பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான். முட்டையைக் கொண்டுபோகிற மாதிரி நடந்தேன் அக்கா என்று என்னிடம் சொன்னான். பின்னாலிருந்து போலீஸ்காரன் தள்ளிக்கொண்டே வந்தால் முட்டை எப்படி நிற்கும்? சாயங்காலம் என் அடுப்படியில் பெட்டியை வைத்துச் சுற்றினான். சலவைக்காரி துணியைத் தூக்குகிறாள், கல்லில் அடிக்கிற இடத்தில் சத்தம் இல்லை. மறுபடி தூக்குகிறாள். டெசோலினா களியை நூலால் அறுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முள் அடித்துப் பழுதுபார்க்கிறவன் உருளையை விரலால் தட்டிப் பார்த்தான். மரம் உளுத்திருக்கிறது, பழைய முட்கள் பழக்கதோஷத்தில் நிற்கின்றன, புது முள் அடித்தால் நிற்காது என்று சொல்லிவிட்டான்.

“ஏழு பாட்டு இருக்குல்ல, விடு” என்றான் லாஸரோ. “ஏழே தெரியாத பாட்டுக்காரன் எத்தனை பேரு இருக்கான்.”

அவனே ஒரு யோசனையும் சொன்னான். போகச் சொன்னால் பெட்டி மேல் கம்பளியைப் போட்டு மூடிவிட்டு மிச்சப் பாட்டைச் சுற்றி முடித்துவிடு என்றான். டெசோலினா இரண்டு பழைய கம்பளிகளைச் சேர்த்துத் தைத்து, பெட்டிக்கு ஒரு சட்டை மாதிரி பண்ணிக் கொடுத்தாள். இரண்டு இடத்தில் அது பலித்தது. மூன்றாவது இடத்தில் ஒரு துரை செருப்பில்லாமல் படியிறங்கி வந்து கம்பளியில் காதை வைத்துக் கேட்டாராம். தெரு சிரித்ததாம். கேட்கிறது, கேட்கிறது என்று கத்தினாராம். கப்பல்காரன் அங்கேதான் மூழ்கினான்.

அதற்குப் பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை பெய்து தீர்கிற மழை இல்லை; நாள் முழுக்க நசநசவென்று கழுத்துக்குள் இறங்கும். செரஃபீனோ தினமும் விடிவதற்குள் போய் இருட்டின பிறகு வருவான். ஏழைகள் தெருவில் யாரும் விரட்டமாட்டார்கள். பிள்ளைகள் கூட்டமாக ஆடும், பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள், கையில் காசு இருக்காது. காசு இருக்கிற தெருக்களில் சட்டம் இருந்தது. அவன் இன்னும் தொலைவாக, பேரே கேள்விப்படாத தெருக்களுக்கெல்லாம் போய்ப் பார்த்தான். செய்தித்தாள் அவனுக்கு முன்னால் அங்கே போய்விட்டிருந்தது.

ராணியம்மா போனாள். நொண்டிக் கழுதை போயிற்று. அன்றைக்கு நான் அழுதேன், ஒரு பாட்டுக்குப் போய் அழுகிறாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டும் அழுதேன். பூசைப்பாட்டை ஒரு பாதிரியார் வீட்டு வாசலில் வைத்தே கொன்றார்கள். சாயங்காலம் அவன் படியேறி வருகிற சத்தம் கேட்டால் அடுப்படியில் பேச்சு நின்றுபோகும். எது என்று யாரும் கேட்கமாட்டோம். அவனே சொல்வான்.

“சிப்பாய்.”

அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறிவிட்டு உட்காருவான்.

வேறு வேலை தேடாமல் இல்லை. சுண்ணமாவுப் பொம்மை வார்ப்பது எங்கள் நாட்டு லுக்கா ஊர்க்காரர்கள் தொழில், பார்மாக்காரனை உள்ளே விடமாட்டார்கள். பனிக்காலத்தில் கட்டட வேலை கிடையாது. என் கஷ்கொட்டைச் சட்டி என் ஒரு வயிற்றுக்கே இழுபறி. ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று அழைத்துக்கொண்டிருந்த இடம் ஊரிலேயே ஒன்றுதான்.

“பட்டறை மேஸ்திரி இன்னிக்கும் கேட்டான்” என்றான் லாஸரோ ஒரு நாள். கிண்ணம் பல்லில் பட்டுக் கடகடவென்றது. “உன் தங்கச்சி புருஷன் நல்லா வாட்டசாட்டமா இருக்கானாமே, கையும் நிதானமா இருக்காமேன்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?” டெசோலினாவின் குரல் மாறிவிட்டது.

“செத்துட்டான்னு சொன்னேன்.”

“அண்ணே!”

“பின்னே என்ன புள்ள சொல்றது? கை நிதானமா இருக்கிற ஆளுகளைத்தான் அவனுக்குப் பிடிக்கும். எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு. பக்கத்து மேசையில வேலை செஞ்ச பியாசென்ஸாக்காரன் போன வாரம் சட்டைப் பொத்தானைப் போட முடியாம உட்கார்ந்து அழுதான். இந்த வாரம் அவன் மேசை காலி. அதான் ஆள் கேக்குறான்.”

செரஃபீனோ தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். அவன் அப்படிப் பார்த்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

துக்கப்பாட்டு டிசம்பர் பிறந்த பிறகு போயிற்று. மிச்சம் கல்யாணப்பாட்டு ஒன்றுதான். அன்றைக்கு மேட்டை மஞ்சள் புகைமூட்டம் மூடியிருந்தது. நடுப்பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருந்தது. டெசோலினா என் அடுப்படியில் கருவாடு ஊறவைத்த தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். வயிறு முன்னால் தள்ளி, குனிய முடியாமல், தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கல்யாணப்பாட்டை ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். ஒரு முள்கூடப் பிசகாமல், துள்ளிக்கொண்டு வந்தது. மாடியில் யாரோ காலால் தாளம் போட்டார்கள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

“நான் வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன்” என்றாள்.

“என்னது?”

“இனிமே யாரு போன்னு சொன்னாலும் நிறுத்தாதீங்க. முடிச்சு, நாக்கைத் தூக்கிப் பூட்டிட்டு, அப்புறம் கிளம்புங்க. இழுத்துட்டுப் போனாப் போகட்டும். மூணு நாள்தானே?”

“உங்கப்பா...”

“எங்கப்பாவை விடுங்க. ஜெயிலுக்குப் போனா நீங்க திரும்பி வர்றதுக்கு வழியாச்சும் இருக்கு. இந்தப் பாட்டும் போச்சுன்னா நீங்க எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும். அங்க போனவங்க திரும்பறதில்ல. எங்கண்ணனைப் பாருங்க. வீட்டுக்குத்தான் வர்றாரு தினமும், வந்து என்ன?”

லாஸரோ மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் காதுபடத்தான் சொன்னாள். அவனும் கோபப்படவில்லை.

“அவ சொல்றது சரி மாப்ளே” என்றான். “முடிச்சிட்டே கிளம்பு. ஜெயில்ல கஞ்சி கெட்டியா இருக்குமாம்.”

“ஒரே பாட்டை வச்சு எத்தனை நாளைக்கு?” என்றான் செரஃபீனோ.

“கல்யாண சீசன் வரைக்கும்” என்றேன் நான். “ஈஸ்டர் முடிஞ்சா விருந்துக்கு விருந்து கூப்பிடுவாங்க. அங்க இந்த ஒரு பாட்டு போதும். குடிச்சவனுக்கு எத்தனை தடவை வாசிச்சாலும் புதுப் பாட்டுதான். அந்தக் காசுல புது உருளைக்கு ஏதாவது வழி பண்ணிக்கலாம்.”

அது வெறும் ஆறுதல் இல்லை. அப்படித்தான் நடந்திருக்கும், பாட்டு இருந்திருந்தால்.

அந்த வாரமே நடந்தது. மேற்கே ஒரு தெரு. செரஃபீனோ பிறகு எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். ஒரு வீட்டின் முன்னால் ஆரம்பித்தான். பாட்டு கால்வாசி போவதற்குள் தலையில் வெள்ளைத் துணி கட்டின வீட்டு மேற்பார்வைக்காரி வந்து, எசமானுக்குத் தொந்தரவு, போ என்றாள். அவன் தலையாட்டிவிட்டுச் சுற்றினான். அவள் கையைத் தட்டினாள். அவன் சுற்றினான். அவள் போலீஸ்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பாட்டில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. வேகமாகச் சுற்றலாமே என்றால், வேகமாகச் சுற்றினாலும் உளுத்த மரத்தில் முள் பிடுங்கிக்கொள்ளும்.

“நிறுத்து” என்றான் போலீஸ்காரன்.

“முடியுது, முடியுது ஐயா” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான்.

“போன்னு சொல்றாங்கல்ல, காது கேக்கலையா?”

“கேக்குது ஐயா. இதோ முடியுது.”

போலீஸ்காரன் அவன் வலது கையைப் பிடித்து இழுத்தான். செரஃபீனோ இடது கைக்குக் கைப்பிடியை மாற்றினான். சன்னலில் எசமான் வந்து நின்று பார்த்தாராம். எதிர்வீட்டுச் சன்னல்களும் திறந்தன. கடைசி நாலு அடி கல்யாணப்பாட்டு அந்தப் பெரிய தெரு முழுக்கக் கேட்டது. வெற்றுப் பட்டைக்கு வந்ததும் நிறுத்தி, நாக்குகளைத் தூக்கிப் பூட்டி, கொக்கியை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அந்த வீட்டைப் பார்த்து வணங்கினான்.

“இப்ப வாரேன் ஐயா” என்றான்.

வணங்கினதைத்தான் நக்கல் என்று எடுத்துக்கொண்டார்கள். கோர்ட்டில் அதையும் சேர்த்துச் சொன்னாள் அந்த மேற்பார்வைக்காரி. போகச் சொன்ன பிறகும் ஏன் வாசித்தாய் என்று நீதிபதி கேட்டார். பாட்டு முடியவில்லை என்றான் செரஃபீனோ. கோர்ட்டே சிரித்தது. நானும் அங்கே நின்றிருந்தேன். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன், சேவகன் வாயை மூடச் சொல்லிவிட்டான். மூன்று நாள். பெட்டி அதுவரை போலீஸ் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார்கள்.

அந்த நாட்களில் டெசோலினாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பயந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளோ அறையைக் கழுவினாள், பெட்டியின் தோல்வாரை எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும் என்று என்னிடம் கொழுப்பு வாங்கி வைத்தாள், களிக்கு மேலே தூவப் பாலாடைக்கட்டி எங்கிருந்தோ கொண்டுவந்தாள்.

“பாட்டு தப்பிச்சிருச்சுல்லக்கா?”

“தப்பிச்சிருச்சு புள்ள.”

“பூட்டிட்டுத்தானே கிளம்பினாரு?”

“கொக்கியை ரெண்டு தரம் தொட்டுப் பார்த்தான்னு போலீஸ்காரனே கோர்ட்ல சொன்னானே, நானே கேட்டேன்.”

அவன் வெளியே வருகிற அன்றைக்கு நானும் அவளும் போனோம். எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும், அவளுக்கு வராது. ஜெயில் வாசலில் அவன் தாடியோடு வந்தான், இளைத்திருந்தான், இருமினான், ஆனால் நடந்து வந்தான். அவள் தெருவென்றும் பார்க்காமல் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனோம்.

பெட்டி வாசற்புற அறையில், பெஞ்சின் மேல் இருந்தது. காவலுக்கு இருந்த போலீஸ்காரன் சின்ன வயசுக்காரன், சிவந்த கன்னம், நல்ல முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டான்.

“நீதானா பெட்டிக்காரன்? அடடா, வாய்யா” என்றான். செரஃபீனோவின் தோளில் தட்டினான். சிரித்துச் சிரித்து நிறையச் சொன்னான்.

“என்னக்கா சொல்றான்?” என்றாள் டெசோலினா.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லுங்கக்கா.”

“பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சாம்.”

“எந்தப் பாட்டு?”

போலீஸ்காரன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். முந்தாநாள் சாயங்காலம் சார்ஜென்ட்டுக்குப் பிறந்தநாள். பெட்டியைச் சும்மா வைத்திருப்பானேன் என்று சுற்றினார்களாம். ஸ்டேஷனே ஆடியதாம். சார்ஜென்ட் சமையல்காரியோடு ஆடினாராம். நடுவில் இன்ஸ்பெக்டர் வருகிற சத்தம் கேட்டதும் சட்டென்று நிறுத்தி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னறையில் ஒளித்து வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

செரஃபீனோவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியாது. ஆனால் அவன் பெட்டியின் கொக்கியைப் பார்த்துவிட்டான். அது கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். பிறகு எழுந்து கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினான்.

மணப்பெண் வாசல் தாண்டி வரவில்லை. நாலு ஸ்வரம் வந்தது, நின்றது. காற்று மட்டும் உஸ்ஸென்று போயிற்று. மறுபடி இரண்டு ஸ்வரம். அவன் முழுச் சுற்றும் சுற்றி முடித்தான்.

போலீஸ்காரனின் சிரிப்பு போய்விட்டது. “அன்னிக்கு நல்லாத்தான் பாடுச்சு” என்றான் என்னிடம். “குளிர்ல ஏதாவது ஆகியிருக்குமோ?”

அவனிடம் என்ன சொல்ல? பாட்டைக் காப்பாற்றத்தான் இவன் ஜெயிலுக்குப் போனான் என்றா? உங்கள் சட்டம் கொல்லாமல் விட்ட ஒன்றை உங்கள் சந்தோஷம் கொன்றுவிட்டது என்றா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைப் புரட்டியிருப்பேன். நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டாவது வந்திருக்கலாம். ஆமாம், குளிர்தான் என்று சொன்னேன்.

செரஃபீனோ அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பெட்டியை முதுகில் ஏற்றினான். பூட்டவில்லை.

தெருவுக்கு வந்தோம். பனி விழ ஆரம்பித்திருந்தது. மேட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. டெசோலினா திரும்பினாள், நான் திரும்பினேன். அவன் நேரே நடந்தான்.

“ஏங்க, வீடு இந்தப் பக்கம்” என்றாள்.

“தெரியும்.”

“பின்னே எங்க போறீங்க?”

அவன் நின்றான். பெட்டியை முதுகிலிருந்து இறக்கி நடைபாதை ஓரத்துச் சுவரில் அணைத்து ஒற்றைக் காலில் நிற்கவைத்து, விழாமல் இருக்கிறதா என்று பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“மேஸ்திரி ஆறு மணி வரைக்கும் பட்டறையில இருப்பான்னு மச்சான் சொன்னான்.”

அவள் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் தையல் விட்டது. “பிள்ளை பொறக்கட்டும்” என்றாள். “அதுவரைக்கும் மட்டும் போகாதீங்க. அப்புறம் நானே விடுறேன்.”

“பிள்ளைக்குச் சோறு வேணும்ல” என்றான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனான். வேகமாகவும் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “நான் முதல்லயே நிறுத்தச் சொல்லாம இருந்திருந்தா எட்டும் இருந்திருக்குமேக்கா” என்றாள். “சலவைக்காரிலயே முடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தா, தடவைக்கு மூணு நாள்னு இருந்துட்டு வந்திருப்பாரே.”

நான் அவள் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அவளைத் தூக்கவிடாமல் பெட்டியை நானே முதுகில் ஏற்றிக்கொண்டேன். இந்த ஊருக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் பெட்டி தூக்கியது அன்றைக்குத்தான். அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.